வட்டத்தில் உட்காரவைத்தால் காயம் ஆறிவிடுமா? – கேள்வி பதில்

பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் பல வருடங்களாக மறுசீரமைப்பு நீதி வட்டங்களை நடத்துகிறேன். என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன்னால், காயப்பட்டவரையும் காயப்படுத்தியவரையும் வட்டமாக உட்காரவைத்து, யாருக்குக் காயம், அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்று கேட்கும் முறை இது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனை இனத்தைச் சொல்லித் திட்டிவிட்டான். நாளைக்கே இருவரையும் வட்டத்தில் உட்காரவைக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். செய்யலாமா மேடம்? (ஓர் ஆசிரியை)

நாளைக்கு வேண்டாம். முதலில் திட்டு வாங்கியவனிடம் தனியாகப் பேசுங்கள். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, இதில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, என்ன செய்தால் கொஞ்சமாவது சரியாகும்? வட்டத்துக்கு வர விருப்பமில்லை என்று அவன் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். அப்புறம் திட்டியவனிடம் பேசுங்கள். "ஆமாம், சொன்னேன்" என்று அவன் வாயிலிருந்து வராதவரை இருவரையும் நேருக்கு நேர் உட்காரவைக்கக் கூடாது. அதன்பின் இரண்டு வீட்டாரிடமும் பேச வேண்டும். ஒரு மணி நேர வட்டத்துக்கு ஐந்தாறு மணி நேரத் தனிப்பேச்சு எனக்குத் தேவைப்படுகிறது.

ஆரம்ப காலத்தில் இதைச் செய்யாமல் நான் சூடுபட்டிருக்கிறேன். திட்டியவன் "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றான், பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். திட்டு வாங்கியவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். வட்டம் முடியும்வரை நிமிரவே இல்லை. அந்த இரண்டாவது காயம் என் கணக்கில்தான் சேரும்.

கடைசியில் மன்னிப்புக் கேட்க வைப்பீர்களா? (ஒரு தந்தை)

மாட்டேன். கேட்டு வாங்குகிற "ஸாரி"யை எந்தப் பிள்ளையும் நம்பாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார், செய்தாரா என்று யார் பார்ப்பார் என்பதை எழுதி வாங்குவேன். மன்னிப்பு தானாக வந்தால் சந்தோஷம்.

பேச்சுக்கோலைக் கைமாற்றிப் பேசுவது நாடகம் மாதிரி இருக்கிறதே அக்கா? (ஒரு தன்னார்வலர்)

முதல் சுற்றில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பேச மனமில்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிறவர் தன் முறைக்குக் காத்திருந்தாக வேண்டும், வாயே திறக்காதவருக்கும் முறை வரும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் இது எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழக்கம் இது. கனடாவின் யூகானில் நீதிபதி பாரி ஸ்டூவர்ட் 1992-ல் ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்லுமுன் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசினார். தவறு செய்த சிறுவரின் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் குடும்பக் கூட்டங்களை நியூசிலாந்து 1989-ல் சட்டமாக்கியதில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பங்கு பெரிது. இனக் காயத்தை ஆற்ற வந்த நாமே, கொடுத்தவர்கள் பெயரை மறைத்துவிட்டு அவர்கள் பொருளை வைத்துக்கொள்ளலாமா?

திட்டப்பட்ட இனத்துப் பிள்ளை வகுப்பில் ஒருத்திதான். அவளைப் பேசச் சொன்னால் மற்றவர்களுக்குப் புரியும் அல்லவா?

புரியலாம். ஆனால் அந்தச் செலவு முழுக்க அவள் தலையில் விழும். மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவது அவள் வேலை இல்லை. பெரிய வட்டத்துக்கு முன்னால், அவள் நம்புகிற இரண்டு மூன்று பேரோடு ஒரு சின்ன வட்டம் வையுங்கள். மற்ற பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் தனியாக ஒரு நேரம் கொடுங்கள். தெரியாத்தனமான கேள்விகளையெல்லாம் அங்கேயே கேட்டு முடிக்கட்டும்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை நல்ல மனசுக்காரர்களின் பொழுதுபோக்கா?

கோபமாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பள்ளிகளில் இந்த முறையை இரண்டு கல்வியாண்டுகள் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து 2018-ல் அறிக்கை தந்தது. இடைநீக்க நாட்கள் குறைந்தன, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த இடைவெளியும் சுருங்கியது. பள்ளிச் சூழல் மேம்பட்டது என்றார்கள் ஆசிரியர்கள். ஆனால் நடுநிலை வகுப்புகளில் படிப்பு பின்தங்கியது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுப் பேசும் பயிற்சியாளரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எப்போது வட்டமே கூடாது?

மிரட்டல் இன்னும் நடந்துகொண்டிருந்தால். உள்ளே பேசியதற்கு வெளியே அடி விழும் என்றால்.

எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பகை. "பழசைக் கிளறாதே, ஆற்றுவதைப் பற்றி மட்டும் பேசு" என்கிறார்கள் பெரியவர்கள்.

சீழை உள்ளே வைத்துக்கொண்டு மேலே கட்டுப்போடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1979 நவம்பர் 3 அன்று, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பை எதிர்த்த பேரணிக்கு வந்தவர்களை க்ளான்காரர்களும் நாஜிக்களும் சுட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். கொலை வழக்கில் எல்லோரும் விடுதலை. மக்களே ஓர் உண்மை ஆணையத்தை அமைத்து 2004 முதல் விசாரித்து, 2006-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நகர மன்றம் ஆணையத்துக்கு ஆதரவு தர மறுத்திருந்தது. அதே மன்றம், காவல்துறைக்கு முன்பே தகவல் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து 2020-ல் முறையாக மன்னிப்புக் கேட்டது. நடந்ததை யாராவது எழுதி வைக்காவிட்டால், எதற்காக மன்னிப்பு என்று எப்படி எழுதுவது? உங்கள் பெரியவர்களிடம் பழைய சம்பவங்களை ஒவ்வொன்றாகத் தேதியோடு எழுதி வாங்குங்கள். சண்டை வரும், வரட்டும்.

திட்டியது நான்தான். அடுத்த வாரம் வட்டம். எல்லாரும் சேர்ந்து என்னைக் கிழிப்பார்களா? (ஒரு மாணவன்)

நடத்துகிறவர் சரியான ஆளாக இருந்தால் கிழிக்க விடமாட்டார், தம்பி. உனக்கென்று ஒருவரைக் கூட்டிவரலாம். அம்மா வேண்டாமென்றால் நீ மதிக்கிற ஒரு ஆசிரியராவது வரட்டும். சொல்ல நினைப்பதை இன்று ராத்திரியே ஒரு தாளில் எழுது. "ஆனால்" என்று தொடங்கும் வரிகளை அடித்துவிடு. மிச்சம் இரண்டு வரிதான் இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கொண்டுபோ.