வெயிலூரிலிருந்து கர்லிங்: கேள்விகளும் என் பதில்களும்

பிப்ரவரி 4ஆம் தேதி ராத்திரி, நம்ம நேரப்படி 11.35க்கு, இத்தாலியின் கார்டினாவில் முதல் கல் புறப்படுகிறது. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவே 6ஆம் தேதிதான். ஐஸ் மேல் கல்லை வழுக்கவிட்டு ஆடுகிற கர்லிங் மட்டும் இரண்டு நாள் முந்திக்கொள்கிறது. கனடாவில் வினிப்பெக் நகரத்தில் நர்ஸாக இருந்த ஏழு வருஷமும் நான் ஆடிய ஆட்டம் இது. வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பி வந்ததிலிருந்து இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் தவித்தேன். கேளுங்கள் என்றதும் இத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்!

காட்பாடியிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, ஒருத்தர் கல்லைத் தள்ளுறார், ரெண்டு பேர் துடைப்பத்தோட முன்னாடி ஓடுறாங்க. என்ன நடக்குதுன்னே புரியலை.

கேரம் ஆடத் தெரியுமா தம்பி? அப்படியானால் பாதி தெரிந்த மாதிரிதான். ஏறக்குறைய 45 மீட்டர் நீள ஐஸ் தளம். அதன் கோடியில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு பெரிய கோலம், வெளிவட்டத்தின் குறுக்களவு 3.66 மீட்டர். அதற்கு ஹவுஸ் என்று பேர், நடுப்புள்ளிக்குப் பட்டன். அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். 16 கல்லும் போய்ச் சேர்ந்தால் ஒரு எண்ட் முடிந்தது. பட்டனுக்கு மிக அருகில் யார் கல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறார்களோ, அத்தனை. இப்படிப் பத்து எண்ட்.

ஆட்டத்தின் உயிர் ஒவ்வொரு எண்டின் கடைசிக் கல். அதை ஹாமர் என்பார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹாமரை எதிரணிக்கு விட்டுவிட வேண்டும். அதனால் ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், நல்ல அணி அதை வேண்டாம் என்று விட்டு, கல்லை வேண்டுமென்றே வெளியே தட்டிவிடும். யாருக்கும் புள்ளி இல்லை, ஹாமர் அவர்களிடமே தங்கும். இரண்டு, மூன்று புள்ளிக்காக ஒன்றை விடுகிற அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன்.

ஆம்பூர்: துடைப்பம் ஐஸைச் சுத்தம் பண்ணவா?

தூசியும் போகும், ஆனால் வேலை அதுவல்ல. ஆட்டத்துக்கு முன்னால் தளத்தின் மேல் பொடிப்பொடியாகத் தண்ணீர் தெளிப்பார்கள். அது வேர்க்குரு மாதிரி சின்னச் சின்ன மேடாக உறைந்துவிடும். சுத்திகரித்த தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். நம்ம போர் தண்ணீர் மாதிரி உப்பு இருந்தால் ஐஸ் கெட்டுப்போகும். வழவழப்பான ஐஸில் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும், இந்த மேடுகளின் மேல்தான் அது வழுக்கிப் போகிறது. அழுத்தித் தேய்க்கிறபோது ஐஸின் மேல்பரப்பு கொஞ்சம் சூடேறி உராய்வு குறைகிறது. கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். இரண்டு மூன்று மீட்டர் கூடுதலாகக்கூடக் கொண்டுபோகலாம். கல்லை மட்டும் தொடக்கூடாது.

ஆரணி: கல் ஏன் வளைஞ்சு போகுது?

விடும்போது கைப்பிடியை லேசாகத் திருப்பிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, கடிகார முள் சுற்றுகிற பக்கமாகச் சுழற்றி, வழவழப்பான தரையில் தள்ளிப் பாருங்கள். இடது பக்கம் வளையும். கர்லிங் கல்லை அதே மாதிரி விட்டால் வலது பக்கம் வளைகிறது! இத்தனைக்கும் அதன் அடியும் குழிவுதான், டம்ளர் விளிம்பு மாதிரி ஒரு வளையம் மட்டுமே ஐஸைத் தொடுகிறது. காரணத்தைப் பற்றி விஞ்ஞானிகள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வேகம் குறையக் குறைய வளைவு கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

குடியாத்தம்: நாங்க கல் வேலை செய்யற குடும்பம். நம்ம ஊர் கருங்கல்லில் அதைச் செய்ய முடியாதாம்மா? வேலூர்க் கோட்டையே கருங்கல்தானே?

ஐயா, என் மனசில் இருந்த கேள்வி இது. முதல் நாள் அந்தக் கல்லின் பக்கத்தில் குத்தவைத்துத் தடவிப் பார்த்தபோது எங்க பாட்டி வீட்டு ஆட்டுக்கல் ஞாபகம்தான் வந்தது. அதே குளிர்ச்சி. ரேஷனில் வாங்குகிற 20 கிலோ அரிசி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் கனம், விதிப்படி 17.24 முதல் 19.96 கிலோ வரை இருக்கலாம்.

ஒலிம்பிக் கல்லெல்லாம் ஸ்காட்லாந்துக் கரையோரம் ஆள் குடியில்லாத அய்ல்சா கிரெய்க் என்ற தீவிலிருந்து வருகிறது. கர்லிங் கல்லுக்கு எதிரி தண்ணீர். கல்லுக்குள் துளி ஈரம் புகுந்தாலும் அது உறைந்து, விரிந்து, மேல்பரப்பைப் பெயர்த்துவிடும். அந்தத் தீவின் புளூ ஹோன் கல்லில் துகள்கள் அவ்வளவு நெருக்கம், ஈரம் இறங்காது. அதனால் ஐஸில் படுகிற அடிப்பாகத்துக்கு அது. ஒன்றோடொன்று மோதி அடி வாங்குகிற உடம்புக்கு அதே தீவின் காமன் கிரீன் என்ற இன்னொரு வகை.

நம்ம பக்கத்துக் கருங்கல் பெரும்பாலும் துகள் பெரிசு. கோட்டைச் சுவருக்கும் கோயில் தூணுக்கும் வெயில் மழை தாங்கி நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும், உறைபனி மட்டும் அதற்குப் பழக்கமில்லாதது. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கல் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர்: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊரைச் சொல்வாங்க. ஐஸ் இல்லாத ஊருக்கு இந்த ஆட்டம் எதுக்கும்மா?

2025 பிப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆண்கள் கர்லிங் இறுதியில் தென்கொரியாவை 5-3 என்று ஜெயித்தது பிலிப்பைன்ஸ். நம்மளவு வெயில் அடிக்கிற நாடு, அந்தப் போட்டிகளில் அதுவரை ஒரு பதக்கமும் வாங்காத நாடு. ஆடியவர்கள் சுவிட்சர்லாந்தில் வாழும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஆரம்பிக்கும் ஐயா, வெளியூர் போன பிள்ளைகள் கற்றுக்கொண்டு வருவார்கள். சக்கரம் வைத்த கல்லால் சாதாரணத் தரையிலேயே ஆடுகிற முறையும் உண்டு. பள்ளிக்கூட வராண்டா போதும்.

திருப்பத்தூர்: எனக்கு வயசு 52, முழங்கால் வலி. இதெல்லாம் இளவட்டங்களுக்குத்தானே?

கனடாவின் ரஸ் ஹோவர்ட் 2006இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது அவருக்கு 50 வயது. குனிய முடியாதவர்கள் நின்றபடியே கோல் வைத்துக் கல்லைத் தள்ளலாம். சக்கர நாற்காலி கர்லிங் 2006 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது, இந்த மார்ச்சில் அதுவும் கார்டினாவில்தான். அதில் துடைப்பமே கிடையாது. விட்ட கல்லைத் திருத்த வழியில்லை என்பதால் கை அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். முடிந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள்.

வாணியம்பாடி: 4ஆம் தேதி ராத்திரி யார் ஆடுறாங்க? எதைப் பார்க்கணும்?

அன்றைக்குக் கலப்பு இரட்டையர். ஒரு ஆண், ஒரு பெண், 8 எண்ட். அணிக்கு ஐந்து கல் விடுவார்கள், ஒவ்வொரு அணிக்கும் ஒரு கல் முன்கூட்டியே தளத்தில் வைக்கப்பட்டிருக்கும். இதில் யாருக்கும் புள்ளி இல்லாமல் எண்ட் முடிந்தால் ஹாமர் கைமாறிவிடும், மேலே சொன்ன தந்திரம் இங்கே செல்லாது. இதன் இறுதி ஆட்டம் 10ஆம் தேதி. ஆண்கள், பெண்கள் ஆட்டங்கள் அதற்குப் பிறகு 22ஆம் தேதி வரை.

முதல் எண்டில் கல்லின் பின்னாலேயே கண்ணை ஓட்டாதீர்கள். ஹவுஸுக்குள் நிற்பவர் துடைப்பத்தை எங்கே ஊன்றிக் காட்டுகிறார் என்று பாருங்கள். கல் வளைந்து வந்து நிற்க வேண்டிய இடம் அதுவல்ல, பெரும்பாலும் அதைவிட்டுத் தள்ளியே காட்டுவார். அந்த இடைவெளியை அவர் ஏன் விட்டார் என்று நீங்களே யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால், மறுநாள் காலையில் எனக்கு எழுதுங்கள்.