பழைய ஒளியும் தூரத்துக் கேலக்ஸிகளும்: கேள்வி பதில்

பெருவெடிப்புக்குப் பின் புறப்பட்டு இன்றும் நம்மை வந்தடையும் பழைய ஒளியான பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி பற்றிப் போன முறை பேசியபின் வந்த கேள்விகளில், ஈர்ப்பு வில்லை (வழியிலுள்ள பொருளின் ஈர்ப்பு ஒளியை வில்லைபோல் வளைப்பது) பற்றியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேளச்சேரி கல்லூரி மாணவி: அக்கா, அந்தப் பழைய ஒளி வழியில் வளைந்திருக்கிறது என்கிறார்கள். வளையாவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியாமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பழைய மொசைக் தரை. அதன் மேல் அடி தடித்த கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால், கீழே உள்ள சில்லுகள் பெரிதாகத் தெரியும். எந்தச் சில்லு எங்கே இருந்தது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. தரை முழுக்கச் சராசரி அளவு ஒன்றுதான். ஓரிடத்தில் மட்டும் மாறினால் நடுவே வில்லை இருக்கிறது.

நுண்ணலைப் பின்னணியிலும் இப்படிச் சில்லுகள் உண்டு. பெருவெடிப்பு நடந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி அது. அதன் சூடான, குளிர்ந்த திட்டுகள் ஏறக்குறைய 1 பாகை அகலம். வழியில் பொருள் திரண்டிருக்கும் திசையில் அவை ஒரு பொட்டு பெரிதாகத் தெரிகின்றன. ஒளி விலகும் கோணம் முழுநிலாவின் அகலத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்குதான்.

அம்பத்தூர் வாசகர்: சார், திட்டுகளின் மாற்றத்தை வைத்துப் பொருள் எங்கே என்று காட்டும் வில்லை வரைபடம் கையில் இருக்கும்போது கேலக்ஸிகளோடு ஏன் ஒப்பிட வேண்டும்?

அம்பத்தூர்க்காரரே, எனக்கு ‘மேடம்’! இரண்டு காரணங்கள். அந்த வரைபடத்தில் இரைச்சல் அதிகம்; கேலக்ஸிக் கணக்கெடுப்பில் வேறு வகைப் பிழைகள். ஒன்றின் பிழை மற்றதில் இருக்காது என்பதால், இரண்டிலும் ஒத்துப்போவது உண்மையான பொருள். 2007-இல் இந்த வில்லை விளைவின் முதல் தடயமே இப்படித்தான் கிடைத்தது: டபிள்யூமேப் விண்கலத்தின் நுண்ணலை வரைபடத்தை ரேடியோ கேலக்ஸிகளின் பட்டியலோடு சேர்த்துப் பார்த்தார்கள். அப்புறம், வில்லை வரைபடம் வழி நெடுகிலும் உள்ள பொருளை ஒன்றாக அமுக்கிக் காட்டுகிறது. தூரம் தெரிந்த கேலக்ஸிகளோடு ஒப்பிட்டால் (தூரம் கூடக் கூட, நாம் பார்ப்பது பழைய காலம்), எந்தக் காலத்தில் எவ்வளவு என்று பிரிக்கலாம்.

அதே வாசகர்: மன்னிக்கணும் மேடம். கேலக்ஸிகளை எண்ணினாலே பொருள் எங்கே என்று தெரிந்துவிடாதா?

பரவாயில்லை. இரவில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போது விளக்குகளை வைத்து மக்கள்தொகையைக் கணக்கிட்டால் தப்பாகும், தி.நகர் கடைத்தெரு ஜொலிக்கும், ஆள் நிறைந்த குடியிருப்பு மங்கலாக இருக்கும். கேலக்ஸிகளும் பொருளைவிடக் கூடுதலாகக் கொத்துக் கொத்தாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதுதான் ‘சார்பு’.

அதைப் பிடிக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கேலக்ஸியைக் கேலக்ஸியோடு ஒப்பிட்டால் சார்பு இரண்டு முறை பெருக்கும். வில்லையோடு ஒப்பிட்டால் ஒரே முறை. முதலாவது 16, இரண்டாவது 8 என்று வந்தால், சார்பு 2, பொருளின் திரட்சி 4. ஒரே வகுத்தலில் இரண்டும் தனியே வந்துவிடுகின்றன.

தாம்பரம் ஆசிரியை: எவ்வளவு தூரம் வரை?

2022-இல் சுபாரு தொலைநோக்கியின் கேலக்ஸிகளையும் பிளாங்க் விண்கலத்தின் நுண்ணலை வரைபடத்தையும் சேர்த்து, சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளைச் சுற்றியிருந்த கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை அளந்தார்கள். வழக்கமாகப் பின்னால் உள்ள கேலக்ஸிகளின் வடிவம் எவ்வளவு நெளிகிறது என்று பார்ப்பார்கள்; ஆனால் அவ்வளவு தூரத்தில், வில்லையாகும் கேலக்ஸிகளுக்குப் பின்னால் வடிவத்தை அளக்கப் போதுமான வேறு கேலக்ஸிகள் கிடைப்பதில்லை. நுண்ணலைப் பின்னணி எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பதால்தான் முடிந்தது.

கிண்டி ஆராய்ச்சி மாணவர்: அக்கா, லேப்டாப்பில் நானே செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பிளாங்கின் வில்லை வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. ‘ஹீல்பை’ என்ற பைத்தான் நிரல்தொகுப்பு போதும். ஒன்றில் மட்டும் கவனம். முன்பு ‘பிழைகள் வேறு வேறு’ என்றேனே, தூசி அதற்கு விதிவிலக்கு. நம் பால்வெளியின் தூசி தூரத்துக் கேலக்ஸிகளை மறைக்கும், நுண்ணலை வரைபடத்திலும் கலக்கும். வானில் பால்வெளி தெரியும் பட்டையை இரண்டு வரைபடங்களிலும் மறைத்துவிட்டு, வில்லையையும் கேலக்ஸிகளையும் ஒப்பிடத் தொடங்குங்கள். பிறகு ஒரு வரைபடத்தை மட்டும் வேறு பக்கம் சுழற்றி, அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். விடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால், உங்கள் நிரலில்தான் ஏதோ இருக்கிறது.