குடும்ப ஜெபத்துல மிஷனெரிகளோட வாழ்க்கைய எப்படி வாசிக்கிறது?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "ராத்திரி குடும்ப ஜெபத்துல ஆரம்பகால பாப்டிஸ்ட் ஊழியக்காரங்க, மிஷனெரிங்க, இரத்தசாட்சிங்க வாழ்க்கைய தினம் ஒருத்தரா வாசிக்கிறோம். 12 வயசு பையன் எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கம்மாங்கிறான். 7 வயசு பொண்ணு ஒருத்தங்கள எரிச்ச கதைய கேட்டுட்டு ராத்திரி தூங்கல. எனக்கோ, இவங்க முன்னாடி நான் என்ன விசுவாசின்னு மனசு சோர்ந்து போகுது. நிறுத்திடலாமா ஐயா?"

நிறுத்தாதீங்கம்மா. தினம் ஒருத்தர்ங்கிறத மட்டும் விட்டுடுங்க. ஒரு மனுஷனோட ஆயுச ஒரு பக்கத்துல அடக்கும்போது முதல்ல வெட்டுப்படுறது அவங்க அழுத நாட்கள்தான், மிச்சம் என்ன இருக்கும், பிறந்தாரு, அழைப்பு வந்துச்சு, கப்பல் ஏறினாரு, ஆத்துமாக்கள சம்பாதிச்சாரு, அவ்வளவுதான், அதான் உங்க பையனுக்கு எல்லாரும் ஒரே ஆளா தெரியுறாங்க, உங்களுக்கு எட்டாத உயரத்துல தெரியுறாங்க. ஒருத்தர எடுத்துக்கிட்டு ஒரு மாசம் அவர் கூடவே இருங்க. சபைல சரித்திரப் பாடம் எடுக்கிறவன்ங்கிற முறைல சொல்றேன், பர்மாவுக்குப் போன மிஷனெரி அதோனிராம் ஜட்சன்ல ஆரம்பிங்க.

அமெரிக்காவுலருந்து 1812ல மனைவி ஆன் கூட கிளம்பினவரு, கல்கத்தாவுல முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாரு, கிழக்கிந்தியக் கம்பெனி அங்க இருக்க விடல, மொரீஷியஸ் போயி 1813 ஜூன்ல நம்ம மெட்ராஸ்ல வந்து இறங்கினாங்க. இங்கயும் இருக்க முடியாதுன்னு கிடைச்ச ஒரே கப்பல்ல ஏறினாங்க, அது ரங்கூன் போற கப்பல். அந்தப் பயணத்துல ஆனுக்கு குழந்தை இறந்தே பிறந்துச்சு. ரங்கூன்ல முதல் விசுவாசி மவுங் நாவ் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூன்லதான், கிட்டத்தட்ட ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்த ஒரு வரில தாண்டாதீங்க, ஒரு வாரம் அதுலயே நில்லுங்க.

அப்புறம் அப்போ பர்மாவோட தலைநகரா இருந்த ஆவாவுல சிறை. பிரிட்டிஷ்காரங்களோட யுத்தம் வந்ததும் உளவாளின்னு சந்தேகப்பட்டு 1824 ஜூன்ல பிடிச்சிட்டுப் போனாங்க, ஏறக்குறைய 17 மாசம் கால்ல விலங்கு. பர்மிய புதிய ஏற்பாட்டோட கையெழுத்துப் பிரதிய ஆன் ஒரு தலையணைக்குள்ள வச்சு தச்சு சிறைக்குள்ள அனுப்பினாங்க, யாருக்கும் ஆசை வரக்கூடாதுன்னு வேணும்னே கட்டாந்தரை மாதிரி கெட்டியா, அழகில்லாம செஞ்சாங்க. கைதிங்கள வேற ஊருக்கு இழுத்துட்டுப் போனப்ப காவலாளி மேலுறைய உருவிக்கிட்டு பஞ்ச வீசிட்டான். மவுங் இங்னு ஒரு விசுவாசி, போதகர் ஞாபகமா இருக்கட்டும்னு அந்தப் பஞ்சுருண்டைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு, உள்ள வேதாகமம் இருக்கிறது அவருக்குத் தெரியாது. ரெண்டாவது சிறை இருந்த கிராமத்துல ஆன் காய்ச்சல்ல விழுந்து பால் வத்திப்போச்சு, காவலாளிங்களுக்கு ஏதோ குடுத்து அனுமதி வாங்கினதும் ஜட்சன் கைக்குழந்தை மரியாவ தூக்கிக்கிட்டு வீடு வீடா போயி பிள்ளை பெத்த தாய்மார்கிட்ட பால் கேட்டாரு.

இந்த இடத்துல நிறுத்தி விளக்க அணைச்சிட்டு ஜெபம் பண்ணுங்க. விளக்கம் ஒண்ணும் வேண்டாம்.

உங்க சோர்வுக்கு மருந்து இதுக்கப்புறம்தான் இருக்கு. 1826 அக்டோபர்ல ஆன் இறந்தாங்க, ஆறு மாசத்துல மரியாவும் போச்சு. ஜட்சன் காட்டுக்குள்ள குடிசை போட்டு, தனக்கே ஒரு குழி வெட்டி, அது பக்கத்துல உக்காந்திருந்தாரு. தேவன விசுவாசிக்கிறேன், ஆனா அவரக் கண்டுபிடிக்க முடியலன்னு 1829ல எழுதினாரு. அவருதான் 1834 ஜனவரி 31ல பர்மிய வேதாகமம் முழுசையும் மொழிபெயர்த்து முடிச்சாரு. அன்னைக்கு ராத்திரி 13ஆம் சங்கீதம் வாசிங்க, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". நீங்க சோர்ந்து போற இடத்துல ஜட்சனும் உக்காந்திருந்தாரும்மா.

அடுத்த மாசம் வில்லியம் கேரி. செருப்புத் தைச்சவரு, 1793ல வங்காளம் வந்தவரு, ஏழு வருஷம் கழிச்சு 1800 டிசம்பர் 28ல செராம்பூர் ஆத்துல கிருஷ்ண பால்ங்கிற தச்சருக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் மனைவி டோரத்திய பத்தி சபைகள்ல பேசவே மாட்டேங்கிறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். வர விருப்பமில்லாம வந்தவங்க, 1794ல அஞ்சு வயசு மகன் பீட்டர் இறந்ததுக்கப்புறம் மனநிலை தவறி, 1807ல சாகிற வரைக்கும் அந்த நோயோடயே இருந்தாங்க. ஆத்துல ஞானஸ்நானம் நடந்தப்ப டோரத்தி அறைக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க. அவங்கள விட்டுட்டு கேரிய வாசிக்காதீங்க, நம்ம சபைலயும் மனநோயோட போராடுற வீடு இருக்கும், அவங்க பேர அன்னைக்கு ஜெபத்துல சேருங்க.

சின்னவளுக்கு எரிச்சது, தூக்கில போட்டது இப்ப வேண்டாம். அவளுக்கு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் பனியன் போதும். இனி பிரசங்கம் பண்ண மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாம், சொல்லாம 1660லருந்து 12 வருஷம் பெட்ஃபர்ட் சிறைல இருந்தாரு, உள்ளேருந்தே நாடா செஞ்சு வித்து குடும்பத்துக்குக் குடுத்தாரு, கண் தெரியாத மூத்த மகள நினைச்சுதான் மனசு உடைஞ்சாரு. பையனுக்கு அமெரிக்காவுல இருந்த பாப்டிஸ்ட் ஊழியக்காரர் ஒபதியா ஹோம்ஸ். 1651ல கண் தெரியாத ஒரு பெரியவர் வீட்டுல ஆராதனை நடத்தப் போயி பிடிபட்டவரு, அபராதத்த நண்பர்கள் கட்ட வந்தும் வேண்டாம்னுட்டாரு, பாஸ்டன்ல 30 கசையடி. முடிஞ்சதும் நீதிபதிங்கள பாத்து ரோஜாவால அடிச்ச மாதிரி இருக்குன்னாரு. அதுக்கப்புறம் பல நாள் முழங்காலும் முழங்கையும் ஊனித்தான் படுக்க முடிஞ்சுது, இதையும் சேத்தே சொல்லுங்க.

ஒரு சின்ன விஷயம், சூரிக்ல 1527ல ஆத்துல மூழ்கடிச்சுக் கொன்ன ஃபெலிக்ஸ் மான்ஸ் மாதிரி ஆட்கள் அனபாப்டிஸ்டுகள், அதாவது குழந்தை ஞானஸ்நானத்த ஏத்துக்காத வேற ஒரு கூட்டம், பாப்டிஸ்ட் சபை 1609லதான் வருது, பிள்ளைங்க கேட்டா குழப்பாதீங்க. வாட்ஸ்அப்ல வர்ற இரத்தசாட்சி கதைல ஊரும் வருஷமும் இல்லைன்னா ஜெபத்துக்கு எடுக்காதீங்க, உண்மையா நடந்ததே நிறைய இருக்கு.

பத்து நிமிஷம், ஒரு காட்சி, ஒரு சங்கீதம் போதும். முதல் ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துலருந்து ஆரம்பிங்க, எந்தக் கப்பல்னே தெரியாம கரைல நின்ன ஜட்சன், ஆன் ரெண்டு பேரோட வயசையும் பையன்கிட்ட சொல்லுங்க, அவருக்கு 24, அவங்களுக்கு 23.