அந்தக் கணவன் இன்னும் போகவில்லை

கேள்வி: இத்தாலிய எழுத்தாளர் மொராவியாவின் 'கன்டெம்ப்ட்' நாவலைப் படித்து முடித்து ஒரு வாரமாகிறது. அந்தக் கணவன் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறான். கல்யாணத்தைப் பற்றி இப்படி உள்ளுக்குள்ளேயே குமைகிற நாவல்களை வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? நீளப் பட்டியல் வேண்டாம்.

பதில்: எனக்கும் அவன் இன்னும் போகவில்லை. சினிமாத் தயாரிப்பாளரின் காரில் மனைவியை ஏற்றி அனுப்பிவிட்டு, டாக்ஸியில் பின்னால் வருகிறானே, அங்கேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அவனோ, 'ஏன் அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போயிற்று?' என்று கடைசிவரை துருவிக்கொண்டிருக்கிறான்.

'இதே மாதிரி' என்று கேட்டால் பலரும் கள்ளக்காதல் கதையாக எடுத்து நீட்டுவார்கள். உங்களைப் படுத்துவது அது இல்லை என்று நினைக்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும் ஒருத்தர் மனசு இன்னொருத்தருக்கு எட்டாமல் போகிறதே, அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகியின் 'தி கீ' (1956) முதலில். ஐம்பதைத் தாண்டிய பேராசிரியர் தன் டைரியைப் பூட்டிவைத்துவிட்டு, சாவியை மனைவி கண்ணில் படும்படி போட்டுவைக்கிறார். அவளும் ஒரு டைரி எழுதுகிறாள். மற்றவர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறார்கள். படித்தும் படிக்காத மாதிரி இருக்கிறார்கள். எது நிஜம் என்று நமக்கே குழம்பும். கொஞ்சம் பச்சையான புத்தகம், வீட்டில் கண்ட இடத்தில் போட்டுவைக்காதீர்கள்.

இத்தாலிய எழுத்தாளர் நடாலியா கின்ஸ்பர்க்கின் 'தி டிரை ஹார்ட்' (1947) மெல்லிசான நாவல். மனைவி கணவனைச் சுட்டுவிட்டதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். மிச்சப் பக்கங்களில் கோபம்கூட இல்லை, அசதிதான். புதிதாகக் கல்யாணமான தோழிக்கு இதைப் பரிசாகக் கொடுத்த புத்திசாலி நான்.

ஆனால் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்றால் ஜப்பானிய எழுத்தாளர் சோசெகியின் 'தி கேட்' (1910) படியுங்கள். நண்பனுக்குத் துரோகம் செய்துவிட்டு, அவனுடன் இருந்தவளையே மணந்துகொண்ட சோசுகே. வெயில் சரியாக விழாத, மேட்டுச் சரிவுக்குக் கீழே ஒரு வாடகை வீடு. குழந்தை மூன்று முறையும் தங்கவில்லை. சண்டை கிடையாது, ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர். அதுதான் இதை மொராவியாவைவிடக் கனமாக்குகிறது. அந்தப் பழைய நண்பன் பக்கத்து வீட்டுக்கு வரப்போகிறான் என்று தெரிந்ததும் சோசுகே அவளிடம் மூச்சுவிடுவதில்லை. மன அமைதிக்கென்று ஜென் மடத்துக்குப் போய், போன மாதிரியே திரும்பி வருகிறான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடைசிக் காட்சியில், வசந்தம் வந்துவிட்டதே என்று அவள் சந்தோஷப்படுகிறாள். திரும்பக் குளிர்காலம் வந்துவிடும் என்கிறான் இவன், குனிந்து நகம் வெட்டிக்கொண்டே.

இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "நகம் வெட்டும்போது பேச்சுக் கொடுத்தால் வேறென்ன சொல்வான்?" என்றார்.