தங்கூசிக்கு எந்த எண்?

இறக்குமதி, சுங்கவரி: வாசகர் கேள்வி பதில். இங்கே 'எண்' என்பது சரக்கை வகைப்படுத்தும் சுங்கவரி அட்டவணை எண். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, மேலும் உள்ளவை உட்பிரிவு. தங்கூசி என்பது ஒற்றை நரம்பு நைலான் இழை.

தாய்லாந்திலிருந்து ஒரே கன்டெய்னரில் நைலான் வலை, மிதப்பு, ஈயக்குண்டு, தூண்டில் முள் எல்லாம் வருகிறது. மொத்தத்தையும் 'மீன்பிடி சாதனம்' என்று 9507-இல் போட்டுவிடலாமா?
– கே.எஸ்., காசிமேடு

கூடாது. காசிமேட்டுச் சரக்கில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். 9507 தூண்டில்காரரின் தலைப்பு. தூண்டில் கம்பு, முள், ரீல், தூண்டிலோடு சேர்ந்த சாமான்கள், மீனை அள்ளும் கைவலை ஆகியவை அதில் வரும். முள்ளுக்கு 9507 20. கடலில் விரிக்கும் வலைக்கு அங்கே இடமில்லை.

வலை 5608-க்குப் போகும். செயற்கை இழையில் தைத்து உருவம் கொடுத்த மீன்வலைக்கு 5608 11, அதில் நைலானுக்கு 5608 11 10. மேல்கயிறு, மிதப்பு, ஈயம் எல்லாம் வலையிலேயே கட்டியிருந்தால் அவற்றைத் தனியே பிரிக்க வேண்டாம், வலையோடு ஒரே எண். அதே மிதப்பு சாக்கில் தனியாக வந்தால் பிளாஸ்டிக் பொருளாக 3926, ஈயக்குண்டு 7806.

பேலாக (பெருங்கட்டாக) வரும் துண்டு வலையில், அதாவது இன்னும் தைத்து உருவம் கொடுக்காத வலையில்தான் கவனம் வேண்டும். ஒரு கண்ணியின் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழைகள் ஒன்றையொன்று சுற்றி இறுகிய முடிச்சு தெரிந்தால் 5608 19. சங்கிலித் தையல்போல இழை பின்னிக்கொண்டே போனால் அது முடிச்சில்லா ராஷெல் வலை. துண்டாக வரும் அந்த வகை பின்னல் துணியாகி 60-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். அதையே மீன்வலையாகத் தைத்து முடித்துக் கொண்டுவந்தால் மறுபடி 5608 11. முடிச்சுக் கேள்வி துண்டுக்குத்தான், தைத்த வலைக்கு இல்லை.

இன்னொரு கண்ணிவெடியும் உண்டு. துண்டு வலைக்கான வாசகம் 'கயிறு, புரியால் ஆன முடிச்சு வலை' என்கிறது. ஒற்றை நரம்பில் முடிச்சிட்ட தங்கூசி வலை பேலாக வந்தால் அது கயிறா என்ற கேள்வி எழும். பெரிய ஆர்டர் என்றால் சரக்கு கிளம்பும் முன்பே, சுங்கச் சட்டம் 28எச் பிரிவின்கீழ் எந்த எண் என்று முன்கூட்டிய தீர்ப்பு கேட்டு வாங்கிவிடுங்கள். அதைத் தரும் ஆணையத்தின் அலுவலகங்கள் மும்பையிலும் புதுடெல்லியிலும் உள்ளன. பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது. விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அது பொருந்தும்.

0.6 மி.மீ. தங்கூசிச் சுருளும் 210 டெனியர் நைலான் நூலும் வாங்குகிறோம். இரண்டும் வலை பின்னத்தான். ஒரே எண்தானே?
– ஆர்.வி., ராயபுரம்

எதற்குப் பயன்படுகிறது என்று சட்டம் இங்கே கேட்பதில்லை. தடிமனும் எடையும்தான் கணக்கு. 67 டெசிடெக்ஸுக்குக் குறையாத, குறுக்களவு 1 மி.மீ.-க்கு மேற்படாத ஒற்றை நரம்பு 5404. குறுக்களவு 1 மி.மீ. தாண்டினால் 3916, அதாவது துணிப் பிரிவைவிட்டே வெளியேறி பிளாஸ்டிக் அத்தியாயத்துக்குப் போகிறது. டெசிடெக்ஸ் என்பது 10,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். 0.6 மி.மீ. நைலான் நரம்பு ஏறக்குறைய 3,200 டெசிடெக்ஸ் வரும். ஆக உங்களுடையது சந்தேகமின்றி 5404. வெட்டிய அளவில் வந்தாலும் தூண்டிலாகக் கட்டாதவரை அது 9507 ஆகாது. 95-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே அதை விலக்குகிறது. முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலாக வந்தால் 9507.

முறுக்கு நூலுக்குக் கோடு 10,000 டெசிடெக்ஸ். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் எடை, கிராமில். ஆக 210 டெனியர் என்பது சுமார் 233 டெசிடெக்ஸ். 210/24 என்றால் 24 இழை, 5,600, கோட்டுக்குக் கீழே. மொத்தக் கோன்களில் வந்தால் அது நூல், 5402. 210/48 என்றால் 11,200. அது கயிறு, 5607 50. 42 இழைவரை நூல், 43-இல் கயிறு! இன்வாய்ஸில் வெறும் 'நைலான் ட்வைன்' என்று இருந்தால் அதிகாரிக்கு இது எதுவும் தெரியாது. இழை எண்ணிக்கையை வரிக்கு வரி எழுதச் சொல்லுங்கள். இறுக்கப் பின்னிய பிரெய்டட் கயிற்றுக்கு மட்டும் இந்த எடைக் கணக்கு கிடையாது, எவ்வளவு மெல்லியதானாலும் 5607.

படகுக்கு ஹைட்ராலிக் வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் பொறி), எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அறியும் கருவி) வாங்கினால் எந்த எண்?
– எம்.ஜே., எண்ணூர்

வின்ச் 8425. மின்மோட்டாரில் ஓடினால் 8425 31, உங்கள் ஹைட்ராலிக் வின்ச் 8425 39. இரும்பு வடத்தைத் தனியாக வாங்கினால் 7312. எக்கோ சவுண்டர் 9014 80 10. ஜி.பி.எஸ். கருவி தனியாக வந்தால் 8526 91.

எண்ணில் சந்தேகம் என்று கேள்வி வந்து சரக்கு மாதவரத்தில் கிடக்கிறது. ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் நேரில் போய் வலையைக் காட்டலாமா?
– பி.டி., மாதவரம்

உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை) பார்ப்பவர் ராஜாஜி சாலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதிகாரியை நேரில் சந்திக்காமலே நடக்கும் முகமறியா மதிப்பீடு 2020 ஜூன் 8-ஆம் தேதி முதல் கட்டமாகத் தொடங்கியதே சென்னையிலும் பெங்களூருவிலும்தான். கோப்பு வேறு ஊர் அதிகாரியின் திரையில் இருக்கலாம். அவர் கண்ணில் படுவது நீங்கள் இ-சஞ்சித்தில் (சுங்கத்துறைக்கு ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் தளத்தில்) ஏற்றியது மட்டும். ஆகவே ஸ்கேல் வைத்து எடுத்த கண்ணிப் படம், முடிச்சின் நெருக்கப் படம், இழையின் விட்டம், டெசிடெக்ஸ், கண்ணி அளவு உள்ள தயாரிப்பாளர் தாள் இவற்றை ஏற்றிப் பதில் சொல்லுங்கள். பதிலில் எண்ணை மட்டும் சொல்லாமல், எந்தக் குறிப்பின்படி என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

சோதனைக்கூட முடிவுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் 18-ஆம் பிரிவின்கீழ் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். பத்திரம் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம். சரக்கு நிலைய வாடகை ஓடிக்கொண்டிருக்கையில் இதைக் கேட்காமலிருப்பது வீண் பிடிவாதம்.

ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தப்படி வரிச்சலுகை கோரியிருந்தால் மூலச் சான்றிதழிலுள்ள முதல் ஆறு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 9507, இங்கே 5608 என்றிருந்தால் அடுத்த கேள்வி அதன்மேல்தான் வரும். முன்பு எடுத்த சரக்கிலும் இதே தவறு இருப்பது தெரிந்தால், நோட்டீஸ் வருமுன் குறைந்த வரியை வட்டியோடு நீங்களே கட்டி எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தல் இல்லாத தவறுக்கு அப்போது அபராதம் கிடையாது. சாதாரணத் தவறுக்கு இரண்டு ஆண்டுவரையும், மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டுவரையும் பின்னோக்கி நோட்டீஸ் தர 28-ஆம் பிரிவு இடம் தருகிறது.