வீட்டில் செய்த துணி லாம்ப்ஷேடு ஏன் இரண்டே மாதத்தில் உரிந்து வருகிறது?

கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பம். சார்ட்டையோ பிளாஸ்டிக் ஷீட்டையோ உருளையாகச் சுருட்டி, மேலே துணியை ஃபெவிகாலில் ஒட்டியிருப்பீர்கள். கேள்வியில் அது இல்லை, ஆனால் வீடியோக்களில் எல்லாரும் காட்டுவது அதைத்தானே.

கடலோர ஊருக்கு அது ஒத்துவராது. வெள்ளைப் பசை ஈரக்காற்றில் இளகும். பருத்தி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அடியில் இருக்கும் ஷீட்டு அதோடு சேர்ந்து அசையாது, அதனால் நடுவில் கொப்புளம் கிளம்பும். அது பிபி (பாலிபுரொப்பிலீன்) ஷீட்டாக இருந்தால் ஃபெவிகால் பிடிக்கவே பிடிக்காது, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வரும். மைதாப் பசை காய்ச்சிப் பாருங்கள் என்பவர்கள் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைக்கச் சொல்கிறார்கள். ஒட்டும் முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்பக்கம் ஸ்டிக்கர் உள்ள பிவிசி லாம்ப்ஷேடு ஷீட்டு வாங்கி, உள்ளூர் வெயில், மழை எட்டாத ஏ.சி. அறையில் வைத்தால் நன்றாகவே நிற்கும். கடற்காற்று இல்லாத பெங்களூர்க்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

கடலூர், பாண்டிக்கு என் யோசனை வேறு: கம்பிக்கூடு செய்யுங்கள், அதற்குப் பாவாடை தையுங்கள். உவமைக்குச் சொல்லவில்லை, நாடா கோர்த்த பாவாடையேதான். அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம்.

கூட்டுக்கு 3 மி.மீ. கம்பி. 30 செ.மீ. விட்டத்தில் இரண்டு வளையம், நடுவே 25 செ.மீ. உயரத்துக்கு ஆறு நேர்க்கம்பி. மேல் வளையத்திலிருந்து மூன்று கை உள்ளே போய் பல்பு ஹோல்டர் உட்காரும் வளையத்தில் சேரவேண்டும். அந்தக் கைகள் 4 செ.மீ. கீழிறங்கி இருந்தால்தான் ஹோல்டர் வெளியே தெரியாது. ஹோல்டரைக் கையோடு கொண்டுபோய் அளவு காட்டுங்கள், பின் டைப்புக்கும் திருகு டைப்புக்கும் ஓட்டை ஒன்றல்ல. ஜன்னல் கிரில் பட்டறையில் கொடுத்தால் ஆர்க் வெல்டிங்கில் இந்த மெல்லிய கம்பி எரிந்து அறுந்துவிடும். சமையலறைக் கம்பி ஸ்டாண்டு செய்கிற இடத்தில் ஸ்பாட் வெல்டிங் இருக்கும், அங்கே போங்கள். வந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னக் கட்டி போதும், துணி அதில் மாட்டி நூல் இழுத்துக்கொள்ளும். அரம் போட்டுத் தேயுங்கள். பிறகு மெட்டல் பிரைமர், அதன்மேல் வெள்ளை எனாமல், ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இந்த வேலையைத் தாண்டிப் போனால் முதல் ஐப்பசி மழையிலேயே துணியில் துருக்கோடு விழும். அது எந்தச் சோப்புக்கும் போகாது.

துணிக்கு 4 முழ வேட்டியை மிஞ்ச ஒன்றில்லை. வளையத்தின் சுற்றளவு 94 செ.மீ. சுருக்கு விழ ஒன்றரை மடங்கு, அதாவது 141, தையலுக்கு 2 சேர்த்து 143 செ.மீ. நீளம். அகலம் 32: கூட்டுக்கு 25, கீழே தொங்க 2, மேல் வளையத்தைத் தாண்டி உள்ளே மடிய 3, நாடாக் குழாய் மடிக்க 2. கரை கீழே வருகிற மாதிரி வெட்டுங்கள், ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். இரண்டு பக்கமும் கரை இருப்பதால் ஒரு வேட்டியில் இரண்டு ஷேடு. வெட்டுவதற்கு முன்னால் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்துவிடுங்கள். புதுத்துணியை அப்படியே தைத்தால் முதல் துவைப்பில் சுருங்கிக் கம்பி எட்டிப்பார்க்கும்.

வேறு துணி என்றால் கடையிலேயே செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத முடிச்சும் இழைவிட்ட இடமும் அப்போதுதான் தெரியும். நீலம், பச்சை வேண்டாம், உட்கார்ந்திருப்பவர் முகம் காய்ச்சல்காரர் முகம் ஆகிவிடும். பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துண்டுத் துணி கிடைக்கும். ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்), சுதேசி, பாரதி என்று மூன்று துணி மில் ஓடிய ஊர் அது. ஏ.எஃப்.டி. 1898-லேயே தொடங்கியது. மூன்றையும் மூடிவிட்டு, எங்கிருந்தோ வந்த துணியை "பாண்டி காட்டன்" என்று சுற்றுலா வருகிறவர்கள் தலையில் கட்டுகிறார்கள். அதைக் கேட்க ஆளில்லை. சரி, விடுங்கள்.

தையல் நேர்த்தையல்தான். இரு முனையையும் சேர்த்து அடித்து, உள்பிடிப்பை ஒரு செ.மீ.க்கு மேல் விடாமல் கத்தரியுங்கள். விட்டால் விளக்குப் போட்டதும் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அந்த மூட்டு ஒரு நேர்க்கம்பிமேல், சுவர்ப் பக்கம் பார்த்து உட்காரட்டும். ஊக்கில் நாடாவைக் கோர்த்து, கூட்டின்மேல் மாட்டி, வாயின் விட்டம் 24 செ.மீ. ஆகும்வரை இழுத்து முடியுங்கள். சுருக்கை விரலால் சமமாகத் தள்ளிவிடுங்கள். வாய் வளையத்தைவிடச் சின்னதாக இருப்பதால் துணி கீழே நழுவாது.

பல்பு 9 வாட் எல்.இ.டி., வார்ம் ஒயிட். துணிக்கும் பல்புக்கும் நடுவே 7 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், மேல்வாயை மூடாதீர்கள். பழைய 60 வாட் குண்டு பல்பை இதற்குள் மாட்டவே கூடாது, அது மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாகத்தான் கக்கும். எல்.இ.டி. அவ்வளவு சுடாது. அதனாலேயே மழைக்காலத்தில் துணி தானாகக் காயாது, கஞ்சி இருந்தால் பூஞ்சை பூக்கும். ஆகவே துவைத்த பிறகும் கஞ்சி போடாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவிழ்த்து அலசினால் போதும். சிவப்புக் கரை வேட்டி என்றால், தைப்பதற்கு முன்னால் கரையை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த வேட்டி வேண்டாம். கல்லுப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது.