வண்டியில் U0121 பிழைக் குறியீடு மட்டும் வருகிறது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) மாட்யூல் ஸ்கேனரில் பேசவில்லை: மாட்யூலை மாற்றலாமா?

இப்போதே மாற்றாதீர்கள். U0121 என்பது மற்ற மாட்யூல்கள் "ஏபிஎஸ் குரல் கேட்கவில்லை" என்று பதியும் குறியீடு. மாட்யூல் செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. மற்றவை ஒன்றோடொன்று பேசுவதால் பொது கேன் லைன் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) பெரும்பாலும் நலம்தான். அதிகம் சந்தேகிக்க வேண்டியது ஏபிஎஸ்ஸுக்கு வரும் சப்ளை, எர்த்.

கனெக்டரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 21 வாட் பல்பு போடுங்கள். மங்கினால் ஃபியூஸ், எர்த் போல்ட், பச்சை பூத்த கனெக்டர் பின்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் வயரும் 12 வோல்ட் காட்டும்.

பிரகாசமாக எரிந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே கனெக்டரில் இரண்டு கேன் வயர்களுக்கு இடையே ஓம் அளக்கவும். சுமார் 60 சரி. ஒன்றும் காட்டாவிட்டால் கிளை வயர் அறுந்திருக்கிறது.

சில வண்டிகளில் 120 ஓம் டெர்மினேட்டர் (கேன் லைனின் முனையில் வரும் ரெசிஸ்டர்) ஏபிஎஸ் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். அங்கே கழற்றிய நிலையில் 120 வருவதே சரி. வயரிங் படம் பார்த்து முடிவெடுங்கள்.